நீர்ப்பிரமி வளர்ப்பு: திருநெல்வேலிச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆச்சி வீடு கல்லிடைக்குறிச்சியில். கன்னடியன் கால்வாயில் குளித்துவிட்டு ஏறும்போது, படித்துறை ஓரத்தில் பாய் விரித்தமாதிரி கிடக்கும் ஒரு கொடியில் நாலு கிள்ளி முந்தியில் முடிந்துகொள்வாள். அதுதான் நீர்ப்பிரமி. இப்போது பாளையங்கோட்டையில் என் மொட்டைமாடியில் அது வளர்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் கிளை கொடுத்திருக்கிறேன். வாங்கிப்போனவர்கள் ஒரு மாதத்தில் திரும்பவந்து கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன். பாதிப் பேர் செடியைக் காயவிட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கான பதில்தான் இதில் நீளமாக இருக்கும்.

கேள்வி: ஊட்டிப் பக்கம் ஈரமான புல்வெளியில் பளபளவென்று மஞ்சள் பூ பார்த்தோம். பட்டர்கப் என்றார்கள். அதை நம்மூரில் வளர்க்க முடியுமா?

முடியாது. முயற்சி செய்யவும் வேண்டாம். அது ரனன்குலஸ் என்ற இனம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள உயர்ந்த புல்வெளிகளில் ரனன்குலஸ் ரெனிஃபார்மிஸ் என்ற வகை காட்டுச்செடியாகவே முளைக்கிறது. அதற்கு ஈரம் மட்டும் போதாது, குளிர்ந்த இரவும் வேண்டும். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் இரவு பத்து மணிக்கும் மாடித் தரை சுடும். போதாததற்கு, அந்த இனத்துச் செடிகளின் பச்சைச் சாறு பட்டால் தோல் எரியும், கொப்புளிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. மலையிலிருந்து பிடுங்கி வந்தால் அங்கேயும் ஒரு செடி குறையும், இங்கேயும் பிழைக்காது.

ஈரத்தில் படர வேண்டும், சின்னதாகப் பூக்க வேண்டும், காட்டுச்செடியாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், நம் வாய்க்கால் கரையிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. ரனன்குலஸ் என்றால் லத்தீனில் குட்டித் தவளை என்று பொருள். தண்ணீரும் தரையும் சேரும் இடத்தில் வாழ்வதால் வந்த பெயர். நீர்ப்பிரமியும் அப்படிப்பட்ட இடத்துச் செடிதான்.

கேள்வி: நீர்ப்பிரமியை எப்படி அடையாளம் காண்பது?

தரையோடு தரையாகப் படரும். தண்டு கொஞ்சம் சதைப்பற்றாக இருக்கும், கணுவுக்குக் கணு வேர் விடும். இலைகள் எதிரெதிராக இருக்கும். காம்பு கிடையாது. அடி குறுகி நுனி அகன்று, சின்னக் கரண்டி மாதிரி இருக்கும். நீளம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். கிள்ளினால் தடிமனாகத் தெரியும். இலை இடுக்கில் நீண்ட காம்போடு ஒற்றைப் பூ வரும். ஐந்து இதழ், வெள்ளை அல்லது வெளிறிய ஊதா. வாயில் போட்டால் கசப்பு.

மூன்று செடிகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். பொடுதலையும் ஈரத்தில்தான் படரும், ஆனால் அதன் இலை நுனியில் பல் இருக்கும். பூக்கள் ஒரு குச்சி நுனியில் மொத்தமாகக் கூடி நிற்கும். பருப்புக்கீரைக்குச் சிவந்த தண்டு, மஞ்சள் பூ, கடித்தால் புளிப்பு. வல்லாரைக்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: பிரமியும் வல்லாரையும் ஒன்றுதானே அக்கா?

இல்லை. இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். வல்லாரை இலை வட்டமாக, ஒரு பக்கம் வெட்டு விழுந்து, நீண்ட காம்பின் மேல் குடை பிடித்த மாதிரி நிற்கும். நீர்ப்பிரமி இலைக்குக் காம்பே கிடையாது. குழப்பத்துக்குக் காரணம் பெயர். வடநாட்டில் பல இடங்களில் வல்லாரையைத்தான் பிரம்மி என்று விற்கிறார்கள். கேரளத்தில் பிரம்மி என்றால் நம் நீர்ப்பிரமி. இரண்டையுமே ஞாபகசக்திக்கு என்று சொல்லிக் கொடுப்பதால் சிக்கல் இன்னும் கூடிவிட்டது. தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்கினால் தப்பு வராது: நீர்ப்பிரமி பக்கோப்பா மோனியேரி, வல்லாரை சென்டெல்லா ஏசியாடிகா.

வல்லாரைக்கு வடமொழியில் மண்டூகபர்ணி, அதாவது தவளை இலை, என்று ஒரு பெயர் உண்டு. ரோமாபுரி மொழியிலும் வடமொழியிலும், ஈரத்துச் செடிக்குப் பெயர் வைத்தவர்கள் தவளையையே நினைத்திருக்கிறார்கள். இது தெரியவந்த அன்று எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

கேள்வி: கடையில் பிரம்மி என்று வாங்கினேன். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கிறதே?

அது பக்கோப்பா கரோலினியானா. அமெரிக்கச் செடி, மீன்தொட்டியில் வைப்பதற்காக விற்பார்கள். பூ நீலமாக இருக்கும். நம் நீர்ப்பிரமிக்கு அந்த வாசம் கிடையாது. நானும் ஒரு நாற்றுப்பண்ணையில் பிரம்மி என்று கேட்டு அதை வாங்கிவந்து, பூக்கும் வரை தெரியாமல் இருந்தேன். அழகுக்கு வளர்க்கலாம். துவையலுக்குப் பறிக்காதீர்கள்.

கேள்வி: செடி எங்கே கிடைக்கும்?

தாமிரபரணிப் பாசனம் உள்ள ஊர்களில் தேட வேண்டியதே இல்லை. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று எந்தக் கால்வாயிலிருந்தும் வயலுக்குப் பிரியும் சின்ன மடைகளைப் பாருங்கள். மடை கசியும் இடம், வரப்பின் அடி, குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டே இறங்கும் விளிம்பு. இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். சிமெண்ட் போட்ட கரையில் இருக்காது. கரையில் மண் வேண்டும், மண்ணில் கசிவு வேண்டும்.

பிசானப் பருவத்து நெல் அறுத்தபிறகு, மாசி மாதம் வாக்கில், ஈரம் காயாத பள்ள வயல்களில் நன்றாகக் கண்ணில் படும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அவருக்கு அது களை. “மொத்தத்தையும் அள்ளிட்டுப் போங்கம்மா” என்பார். ஒரு கை அளவு போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஊருக்குள் ஓடி, சாக்கடை கலந்த வாய்க்காலில் வளர்வது எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் சாப்பிடப் பறிக்காதீர்கள். செழிப்பே அங்கே ஏமாற்று. இந்தச் செடி தண்ணீரில் இருக்கும் காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துவைத்துக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்தப்படுத்த இதைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்து பார்ப்பதே அதனால்தான். வேறு வழியில்லாமல் அப்படிப்பட்ட இடத்திலிருந்து கிளை எடுத்தால், நல்ல மண்ணில் நட்டு, புதிதாக ஓடும் கொடியிலிருந்து மறுபடி கிளை எடுத்து நடுங்கள். பழையதைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

கேள்வி: நல்ல தொட்டி, நல்ல மண்கலவை, தினமும் தண்ணீர். அப்படியும் காய்ந்துவிட்டது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் அந்த “நல்ல தொட்டி”தான்.

மாடித்தோட்டம் போடும் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருவது, தண்ணீர் தேங்கக் கூடாது, அடியில் ஓட்டை வேண்டும், தென்னைநார்க் கழிவு கலந்து மண்ணை இலகுவாக்க வேண்டும் என்பது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது சரி. நீர்ப்பிரமி வேர் மேலாக ஓடும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே அதற்கு வேலையே இல்லை. காலையில் ஊற்றிய தண்ணீர் பதினோரு மணிக்கு ஓட்டை வழியாகப் போய்விட்டால், மேல் மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். சாயங்காலம் திரும்ப ஊற்றுவதற்குள் செடி ஒரு தடவை செத்துப் பிழைக்கிறது. தினமும் அப்படி நடந்தால் எத்தனை நாள் தாங்கும்?

என் முதல் செடியை நான் இப்படித்தான் இழந்தேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். வைகாசி மாதம். இரண்டு நாள்தான் போனேன். வந்து பார்த்தால் தொட்டியில் சருகு. அன்றைக்கு ஆச்சி வீட்டுப் படித்துறையை நினைத்துப் பார்த்தேன். அங்கே யார் தினமும் ஊற்றினார்கள்? கால்வாய் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, மண் கீழிருந்து மேலாக ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். செடிக்கு வேண்டியது மேலிருந்து விழும் தண்ணீர் இல்லை, கீழே எப்போதும் இருக்கும் தண்ணீர். தொட்டியை வாய்க்கால் கரை ஆக்கிவிட்டால் நீர்ப்பிரமியைக் காயவைக்க நினைத்தாலும் முடியாது.

கேள்வி: அப்படியென்றால் எந்தப் பாத்திரம், எந்த மண்?

அகலம் வேண்டும், ஆழம் வேண்டாம். ஆறு அங்குல உயரம் தாராளம். பழைய சிமெண்ட் தொட்டி, பாதியாக அறுத்த தண்ணீர்க் கேன், உடைந்த குளிர்பெட்டியின் காய்கறித் தட்டு, மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, எதுவும் ஆகும். அடியில் ஓட்டை போடாதீர்கள். பக்கவாட்டில், மண் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். மழை பெய்தால் மிச்சத் தண்ணீர் அதன் வழியே வழிந்துவிடும். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் தங்கும்.

மண்ணுக்குக் கரம்பை என்ற குளத்து வண்டல்தான் ராஜா. குளத்திலிருந்து எடுத்த கரம்பை இரண்டு பங்கு, ஆற்று மணலோ செம்மண்ணோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டுச்சாணம் அரைப் பங்கு. கரம்பை மட்டும் போட்டால் கோடையில் வெடித்துப் பிளக்கும், அதனால்தான் மணல். தென்னைநார்க் கழிவு இதில் வேண்டாம். தண்ணீர் நின்றால் மிதந்து மேலே வந்து செடியையும் தூக்கிவிடும். பச்சைச் சாணமும் வேண்டாம், தேங்கிய தண்ணீரில் நாற்றம் எடுக்கும்.

கேள்வி: நடுவது எப்படி?

ஒரு விரல் நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி கிள்ளிக்கொள்ளுங்கள். கீழ்க் கணு இரண்டின் இலையை உருவிவிட்டு, சேறாக்கிய மண்ணில் சாய்த்து அழுத்துங்கள். நாற்று நடுவது போலத்தான். நான்கு விரற்கடைக்கு ஒன்று. ஒரு வாரம் பத்து நாளில் வேர் பிடிக்கும். அதுவரை நேர்வெயில் படாத இடம். ஒரு மாதத்தில் தொட்டி மூடிவிடும். விதை போட்டுக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: தண்ணீர் தேங்கினால் கொசு வராதா?

வரும், அசட்டையாக இருந்தால். கொசுவுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழேயே நின்றால் முட்டையிட இடமில்லை. அதற்காகத்தான் பக்கவாட்டு ஓட்டை. குழியாக இருக்கும் மூலைகளில் மணலைப் போட்டு நிரவிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதையும் மணலால் நிரப்புங்கள். முட்டை கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைச் சுற்றிப் பார்த்து, தேங்கியதைச் சாய்த்துவிட்டால் கவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். டெங்கு வரும் மாதங்கள் அவை.

கேள்வி: வெயில் எவ்வளவு வேண்டும்?

காலை வெயில் நாலைந்து மணி நேரம் பட்டால் இலை சின்னதாக, தடிமனாக, நெருக்கமாக வரும். நிழலிலும் வளரும், ஆனால் கொடி நீண்டு இலை இடைவெளிவிட்டுப் போகும், பூ குறையும்.

கத்திரி வெயிலைவிட ஆனி, ஆடிக் காற்றைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்ட, தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் அடிக்க, நமக்கு இங்கே வறண்ட மேல்காற்றுதான் வருகிறது. பாளையங்கோட்டை, நாங்குநேரி, பணகுடிப் பக்கம் மாடியில் நிற்க முடியாது. வானம் மேகமாக இருக்கும், குளிர்ச்சியாகத் தெரியும், “இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்” என்று தோன்றும். அப்போதுதான் தொட்டி வேகமாகக் காயும். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டியைத் தள்ளி வையுங்கள். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, சாரலே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வளருமா?

ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். வளரும். இது ஓரளவு உவர்ப்பைத் தாங்கும் செடி. கழிமுகங்களின் விளிம்பிலும் முளைக்கும். ஆனால் அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் தங்கிக்கொண்டே போகும். மேல் மண்ணில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் அதுதான். மழை பெய்யும்போது பக்கவாட்டு ஓட்டை வழியாக நன்றாக வழியவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மண்ணை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: உரம், பூச்சி?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கை மக்கிய சாணத்தூள். போதும். ரசாயன உரம் எதற்கு? இலை பெருத்து நீர்த்துப்போகும். வெட்டுக்கிளி கடிக்கும், மழைக்காலத்தில் நத்தை வரும். இரண்டையும் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கொடியை அறுத்து எறிந்துவிடுங்கள், பத்து நாளில் புதிதாக வரும். சாப்பிடும் செடிக்கு மருந்து அடிக்காதீர்கள்.

கேள்வி: எப்போது பறிக்கலாம்?

நட்டு இரண்டரை மாதத்துக்கு மேல். வேரோடு பிடுங்கக் கூடாது. அடியில் இரண்டு விரற்கடை விட்டுவிட்டு, கத்தரிக்கோலால் மேலே நறுக்குங்கள். இரண்டு மாதத்தில் மறுபடி தழைக்கும். மண் படாத நுனிகளை மட்டும் எடுத்து, மூன்று நான்கு தண்ணீர் விட்டு அலசுங்கள். ஈரத்தரையில் கிடக்கும் கீரை எதையும் பச்சையாகத் தின்னக் கூடாது.

கேள்வி: எப்படிச் சாப்பிடுவது? பரீட்சைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

எங்கள் வீட்டில் துவையல்தான். ஒரு சின்னக் கைப்பிடி நீர்ப்பிரமி, அதற்கு இரண்டு பங்கு தேங்காய், வறுத்த உளுந்து, மிளகாய் வத்தல், கொஞ்சம் புளி. இலையை நல்லெண்ணெயில் வதக்கி அரைத்தால் கசப்பு தணியும். ஆச்சி வாரம் ஒரு நாள்தான் அரைப்பாள், அதற்கு மேல் கேட்டாலும் தரமாட்டாள்.

ஞாபகசக்தி விஷயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இந்தச் செடியில் பக்கோசைடு என்ற பொருள்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து மனிதர்களிடம் செய்த சோதனைகளில், அளந்து தயாரித்த சாறை மூன்று மாதம் போலத் தொடர்ந்து கொடுத்துத்தான் பலனைப் பார்த்தார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் நாலு இலை தின்று மார்க் வாங்க முடியாது. படிக்காத பாடத்தை எந்த இலையும் ஞாபகப்படுத்தாது. அதிகம் தின்றால் வயிற்றைப் புரட்டும், பேதியாகும். கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மருந்தாக எடுக்கக் கூடாது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மருத்துவமனையோடு. பக்கத்திலேயே இருக்கும்போது கேட்டுவிட்டுச் சாப்பிடுவதில் என்ன சிரமம்?

கேள்வி: வயல் இருக்கிறது. வரப்போரம் விட்டுவைக்கலாமா?

தாராளமாக. மடைவாய் ஓரத்தில் படர்ந்தால் தண்ணீர் அரிக்காமல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நெல்லுக்கு உயரத்தில் போட்டி கிடையாது. களைக்கொல்லி அடிக்கும் வயலாக இருந்தால் மட்டும் பறித்துச் சாப்பிடாதீர்கள். சின்ன வயதில் நான் பார்த்த மடைகளில் பலதில் இன்று இந்தச் செடி இல்லை. கரைக்குச் சிமெண்ட் வந்துவிட்டது, வரப்புக்கு மருந்து வந்துவிட்டது. கால்வாய்க்குச் சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். ஆனால் ஒரு வயலுக்கு ஒரு மடை ஓரத்தையாவது மண்ணாக விடுங்கள். நீர்ப்பிரமி, வல்லாரை, பொடுதலை மூன்றும் அங்கே தானாக வந்துவிடும்.

கேள்வி: வெளியூரில் இருக்கும் மகளுக்குக் கிளை அனுப்ப முடியுமா?

முடியும். சாயங்காலம் கிள்ளுங்கள். பழைய செய்தித்தாளை நனைத்துப் பிழிந்து, அதில் சுருட்டி, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, மேல்வாயைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். தண்ணீர் ஊற்றி அனுப்பினால் அழுகும். இரண்டு மூன்று நாள் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் இலை விறைத்து நிற்கும், அதன்பிறகு நடலாம். கூடவே ஒரு கிலோ கரம்பையையும் கட்டிக் கொடுங்கள், பட்டணத்தில் அது கிடைப்பது கஷ்டம்.